தலையில் இடித்த குழாய்

ஸ்காபரோவில் வாகனங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் அந்த மெக்கானிக்கை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கட்டையான மனிதர், நரைத்த மீசை. யாருடன் கதைத்தாலும் காரைப் பார்த்துத்தான் கதைப்பார்.

வேலைக்கு ஓடித் தேய்ந்த என் பழைய காரை, பந்தயத் தடத்திலும் தெருவிலும் ஓடக்கூடியதாக இரண்டு வருடம் பாடுபட்டு மாற்றியிருந்தேன். உருண்டாலும் கூரை நசுங்காதபடி உள்ளே சுற்றிவர இரும்புக் குழாய்கள் பொருத்தியிருந்தேன்.

"உதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார்.

"ஏன் அண்ணை? பிறம்ரனிலை உப்பிடி எத்தினை கார் ஓடுது."

"அப்ப அங்கை கொண்டுபோம். அதுக்கு முன்னம் ஒருக்கா ஏறி இரும்."

இருந்ததும் என் தலையைப் பிடித்துப் பக்கத்துக் குழாயில் இடித்தார். கண் கலங்கிவிட்டது.

"என்ன செய்யிறியள்?" என்று கத்தினேன்.

"ரேசுக்கு ஹெல்மெற் போடுவீர். பால் வாங்கப் போகேக்கை போடுவீரோ? ஆரும் பக்கத்தாலை இடிச்சா மண்டை உதிலைதான் உடையும்."

அவரை அடித்துவிடுவேனோ என்ற கோபத்தில் வெளியே வந்தேன். ஒரு மாதம் அவரைத் திட்டித் திட்டியே தலை இடித்ததையும் சேர்த்து முன்பக்கக் குழாய்களை வெட்டி எடுத்தேன். திரும்பக் கொண்டுபோனபோது எல்லாவற்றையும் தடவிப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். நான் நன்றி சொன்னபோது அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்றும் அவரைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் மகள் முதல் கார் வாங்கியபோது, வேறு யாரிடமும் காட்ட எனக்கு மனம் வரவில்லை.