உரிமத்தில் இல்லாத பெயர்

திருவொற்றியூருக்கு வந்த புதிதில் மளிகைக் கடையில் சவர்க்காரம் கேட்டேன். கடைக்காரர் சவரம் செய்யும் பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினார். கடைசியில் சோப்பைக் கைகாட்டித்தான் வாங்கினேன். மன்னாரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தமிழ் பேசும் ஊரிலேயே வாய் திறக்கப் பயந்து வாழ முடியும் என்பது எனக்கு அதன் பிறகுதான் மெல்லப் புரிந்தது.

புழல் அகதி முகாமுக்கு வெளியே தங்க அனுமதி பெற்று, மகளோடு இங்கே வந்தவள் நான். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ராயபுரத்துப் பெண். துறைமுகத்தில் வேலை பார்த்த கணவரை இழந்தவள். நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை மீன் விற்கும் பெண்களிடம் அவள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கேட்பவர்கள் பெருகவே, இருவருமாக ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து அரைக்கும் மெஷின் போட்டோம். உரிமம் எடுக்காவிட்டால் மெஷினைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று அறைக்குச் சொந்தக்காரர் எச்சரித்தார்.

உரிமம் தரும் அலுவலகத்தின் வாசலில் ஸ்டெல்லா என்னை நிறுத்தினாள். "நீ வாயே தொறக்காதக்கா. இன்னா கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

மன்னாரில் அப்பா அரிசி ஆலைக்கு அனுமதி எடுக்கப் போனபோது நானும் போயிருக்கிறேன். அங்கே அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஊர்க்கதை கதைத்து அனுப்பினார்கள். அவரைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை; யாரும் பெயர் கேட்கவில்லை.

இங்கே எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "தூள்ல என்னென்ன போடுறீங்க?"

ஸ்டெல்லா மிளகாய், மல்லி என்று தொடங்கித் தடுமாறினாள்.

"பெருஞ்சீரகம், கறுவாப்பட்டை, கறிவேப்பிலை. எல்லாம் கறுக்க வறுத்துத்தான் போடுறனாங்கள்." என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "நீ சிலோனா?"

"ஓம்."

"என்னது?"

"ஆமாங்குது சார்," என்றாள் ஸ்டெல்லா. "அக்கா இல்லாங்காட்டி கடையே இல்ல. பாதி கட அக்காவுது."

அவர் தொலைபேசியை எடுத்தார். காவல் நிலையத்துக்குத்தான் என்று நினைத்தேன். மறுபடி முகாமா? மகளின் பள்ளிக்கூடம் என்னாகும்? ஸ்டெல்லா என் விரல்களை நெரித்துக்கொண்டு நின்றாள். அவள் உள்ளங்கையும் வியர்த்திருந்தது.

அவர் பேசியது மேலதிகாரியிடம். ரிசீவரை வைத்துவிட்டு, "பயப்படாதம்மா. ரூல் என்னன்னு கேட்டேன்," என்றார். "உன்னைப் பங்குதாரரா போட முடியாது. உரிமம் இவங்க பேர்ல தரலாம். நீ வேலைக்கு இருக்கேன்னு எழுதிக்கலாம்."

"வேலைக்காரியா? இன்னா சார் நாயம் இது? அப்ப எனக்கும் வேணாம்!" ஸ்டெல்லா விண்ணப்பத்தை இழுக்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "எழுதட்டும் ஸ்டெல்லா. மெஷின் ஓடோணும்."

வெளியே வந்ததும் அவள் வீதியிலேயே அழுதாள். பிறகு கடைச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள். "நீதான் தொறக்கணும்."

இப்போது தினமும் நான்தான் திறக்கிறேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் உரிமத்தில் முந்தைய நாளின் மிளகாய்த் தூசி படிந்திருக்கும். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்கும்போது, ஸ்டெல்லாவின் பெயர்மேல் என் முகம் தெரியும். சற்று விலகினால் அவள் பெயர் மட்டும் இருக்கும்.