மாமனாரின் துப்பாக்கியால் படகு தள்ளியது

என் மாமனார் போகும்போது எங்களுக்கு விட்டுச்சென்றவை ஒரு படகும் ஒரு பழைய துப்பாக்கியும். படகோடு எனக்குப் பழக்கம் உண்டு. திருப்பாலைவனம் ஊரில் இருந்த நிலத்தின் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்து அவர் வைத்திருந்த துப்பாக்கியை, ஆள் இறந்தபின் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா? அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“நைனா காலி பண்ணித்தான் வெச்சிருப்பாரு,” என்றாள் மனைவி.

“உங்க நைனாவா? பீடிய அணைக்காம பாயில வெச்சிட்டுத் தூங்குன மனுசன்மே அவரு.”

பஸ்ஸில் நாலு பேர் இடித்தால் வெடித்துவிடும் என்று நான் அடம்பிடித்ததால் ஏரி வழியாகப் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். அவள் பின்னால் நின்று கழி ஊன்றினாள். நான் முன்னால் உட்கார்ந்து, லுங்கியில் சுற்றிய துப்பாக்கியைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலப் பிடித்திருந்தேன். குழாயின் வாய் வானத்தைப் பார்த்தது. ஒரு கொக்கு பறந்து வந்தாலும், ‘ஒதுங்கிப் போம்மா’ என்று கெஞ்சினேன்.

பாதி ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றது.

“யோவ், குந்திகினே இருக்கியே, நீயும் குத்து!”

ஏரிக்காரனுக்குப் படகு தட்டினால் யோசனை வராது. கையில் இருப்பதை ஊன்றித் தள்ளுவான். எழுந்தேன். சுற்றியிருந்த லுங்கி அவிழ்ந்தது. துப்பாக்கியைத் தலைகீழாகச் சேற்றில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் சாய்த்தேன்.

குழாய் உள்ளே போனது. சேற்றுக்குள் அல்ல, துப்பாக்கிக்குள். பதறிப் பிடியைத் தளர்த்தேன். டக்கென்று குழாய் பழைய நீளத்துக்கு வந்தது. பக்கவாட்டிலிருந்து பித்தளை அடி வைத்த சிவப்புத் தோட்டா ஒன்று துள்ளி அவள் காலடியில் விழுந்தது.

நான் போட்ட சத்தம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பல் ஊதியதுபோல் இருந்தது என்று அவள் இன்றும் சொல்கிறாள். துப்பாக்கியோடு அவள் பக்கம் திரும்பினேன்.

“எம்மேல காட்டாதய்யா!” என்று பிடுங்கிக்கொண்டவள், தோட்டாவைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அதான் வெளிய வந்துட்ச்சே. இனிமே இது வெறும் இரும்புக் கழி.”

குழாயின் வாய் தன் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி அதைப் பலகையில் சாய்த்துவிட்டு, கழியை எடுத்தாள். அந்தக் குழாய்வாய்ச் சேற்றையே பார்த்தபடி, நான் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். அவள் கரை வரைக்கும் என்னைக் கிண்டலடித்தாள்.

ஸ்டேஷனில் வயதான ஏட்டு ஒருவர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, துப்பாக்கியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், மண்மேட்டைப் பார்க்கப் பிடித்துக் கைப்பிடியை இழுத்தார். இன்னொரு சிவப்புத் தோட்டா வெளியே விழுந்தது.

“குழாய அழுத்தினா மொத தோட்டா வெளிய வந்துரும்,” என்றார். “அது திரும்பி வர்றப்ப அடுத்தத உள்ள ஏத்திக்கும். சுடுறப்ப தானா நடக்கிற வேலய நீயே செஞ்சிருக்க. வழியில சுடுற கொக்கிய எவனும் தொடலியே?”

நான் மனைவியைப் பார்த்தேன். ‘கேட்டியா, நைனா காலி பண்ணி வெச்சிருக்காரு’ என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.