டிக் இல்லாத பெயர்

விவேக் நகரில் என் மகன் படிக்கும் பள்ளியின் வாசலில்தான், அவன் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் அப்பாவான அவரைப் பார்ப்பேன். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனியின் சீருடை, தூக்கமில்லாத கண்கள். பேசத் தொடங்கும் முன் மகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வார்.

ஆசிரியர் தினத்துக்கு டீச்சருக்குப் பரிசு வாங்கப் பணம் சேர்க்கும் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நான்தான் போட்டிருந்தேன். பணம் தந்தவர்களின் பிள்ளை பெயருக்கு எதிரே பச்சை டிக். அவர் மகள் பெயர் மட்டும் டிக் இல்லாமல் நின்றது.

"பாப்பா பேர எடுத்துடுங்க மேடம். எல்லாரும் பாக்கறாங்க."

"விருப்பம் இருந்தா குடுங்கன்னு மேலயே எழுதியிருக்கேனே சார்."

"எழுதியிருக்கீங்க. கீழ தினமும் 'இன்னும் ஒருத்தர் பாக்கி'ன்னும் எழுதறீங்களே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றே எடுத்திருக்கலாம். ஒரு பெயர் குறைந்ததை மற்றவர்கள் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பணம் அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் வாசலில் கேட்டார்: "அடுத்தது எப்போ மேடம்?"

"கிறிஸ்துமஸுக்கு. அப்புறம் ஆனுவல் டே, ஸ்கூல் வருஷக் கடைசி."

"எழுதிக் குடுத்துடுங்க. ஓவர்டைம் முன்னாடியே கேட்டு வெக்கணும்."

தேதிவாரியாக எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் என்மேல் ஏன் கோபப்படவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.