மூடிக் கிடந்த தொட்டி

பள்ளிப்பட்டுப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்த பூவம்மாள், வாக்கப்பட்டு வந்த பிறகு கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் துரு சுரண்டப் பழகிக்கொண்டாள். கடல் காற்று வீசுகிற ஊரில் இரும்பு சும்மா கிடக்குமா? அவளும் புருஷன் ராஜமாணிக்கமும் அவள் தம்பி முனுசாமியும் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு பொரிந்து உதிரும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மீதியை எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் தெரிந்துகொண்டாள், பாவி.

ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பெயின்டே பார்க்காத வெறும் இரும்பு. அடியில் கணுக்கால் தண்ணீரோடு, மூடியைப் போல்ட் போட்டு முறுக்கி ஐப்பசியில் விட்டவர்கள், தையில்தான் திறந்தார்கள். திறந்தபோது கெட்ட வாடைகூட வரவில்லை.

"வெளக்கு எறக்கிப் பாத்துக்கினு எறங்குய்யா" என்றாள் பூவம்மாள். அவள் ஊரில் பாழுங்கிணறு தூர் வாரினால், முதலில் எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது அணைந்தால் எந்த மகராசனும் இறங்கமாட்டான்.

ராஜமாணிக்கம் சிரித்தான். "இன்னாமே, இது பாழுங்கெணறா? நல்ல தண்ணி நின்ன தொட்டி. உள்ள இன்னா பூதமா கீது?"

"அக்கா எப்பவுமே பயந்தாங்கொள்ளி மாமா" என்றான் முனுசாமி.

நாலு பேர் முன்னால் கேலி. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். சண்டைக்காரி என்று பெயரெடுத்தவள், அன்றைக்கென்று பார்த்து அடங்கிப் போனாளே!

ராஜமாணிக்கம் உள் ஏணியில் இறங்கினான். சுரண்டும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். தொப்பென்று விழுந்த சத்தம்தான் கேட்டது.

"மாமா!" முனுசாமி ஏணியில் காலை வைத்துவிட்டான். பூவம்மாள் அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "தாவீது, வாட்ச்மேன் ரூம்ல அரிக்கேன் கீது, ஓடு!" என்று கூட வேலை செய்தவனை விரட்டினாள்.

"உடுக்கா! மாமாவுக்கு மூச்சு கீது. முதுகு ஆடுது பாரு!"

எட்டிப் பார்த்தாள். ஆடியது. ஆனாலும் பிடியை விடவில்லை.

தாவீது இறக்கிய விளக்கு மூன்றாவது படியைத் தாண்டவில்லை. ஊதி அணைத்தாற்போல் போய்விட்டது. முனுசாமி அவள் கையைக் கடித்தான், ரத்தம் வரக் கடித்தான். கயிற்றில் கொக்கி கட்டி ராஜமாணிக்கத்தை மேலே தூக்கியபோது முதுகு ஆடவில்லை.

இன்ஜினியர் பிறகு வந்து விளக்கினார். இரும்பு துருப்பிடிக்க ஈரம் மட்டும் போதாதாம், காற்றிலுள்ள பிராணவாயுவும் வேண்டுமாம். மூன்று மாதமாய்ச் சுவரெல்லாம் துருவேறி, மூடின தொட்டிக்குள் இருந்த பிராணவாயுவைத் தின்று தீர்த்திருக்கிறது. மிஞ்சிய காற்று மூச்சுக்கு உதவாது. இறங்கியிருந்தால் முனுசாமியும் பிணம்தான் என்றார்.

முனுசாமி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "ஒரே நிமிசம் உட்டுருந்தா தூக்கினு வந்திருப்பேன்" என்று அக்காள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறந்த ஊர்ப் பக்கம் பொதட்டூர்பேட்டைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தன் கலியாணத்துக்கும் சொல்லி அனுப்பவில்லை.

ஏழு வருஷம் கழித்து அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். முனுசாமிக்கு ரெண்டு பிள்ளைகள், மூத்தவன் பேர் ராஜமாணிக்கம் என்றார்.

"ரெண்டும் நல்லாக்கீதுங்களா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார்கள் என்றார். "அது போதும்யா" என்றவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.