வியூஃபைண்டரில் மட்டும் வளைந்த சிம்னி

சிம்னி வளைந்து தெரிந்தபோது முதலில் நான் லென்ஸைத்தான் திட்டினேன்.

எங்கள் வீடு எர்ணாவூரில். மொட்டைமாடியில் நின்றால் வடக்கே அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் சிம்னிகள் தெரியும். காலை ஷிஃப்டு இல்லாத நாட்களில் டீ டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவற்றைப் படம் எடுப்பேன். சிம்னியில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்காத வாரம் கிடையாது. அது நகராது, அதனால்தான் என்பேன். என் லென்ஸுக்கு நகராத பொருள்தான் தோது.

கேமரா டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.; நான் வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட். லென்ஸ் அதைவிட மூத்தது, என்னைவிடவும் மூத்தது. பிலிம் காலத்து 135 எம்.எம்., கையில் எடுத்தால் கனக்கும். திருகி மாட்டுகிற ரகம். நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டால் இன்றைய கேமராவில் உட்காரும். உட்கார்ந்த பிறகு இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தானாக எதுவும் போகஸ் ஆகாது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, லென்ஸின் வளையத்தைத் திருப்பி, தெளிவைக் கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து நிறுத்த வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வது என் வலது கண். இடது கண்ணை நான் எப்போதும் மூடிக்கொள்வேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. என் வேலையும் இதே மாதிரிதான். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன். பதினோரு வருஷம். ஆறேழு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. அதன் வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே, லாரி அளவு பெட்டியைத் தூக்கி, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் இறக்க வேண்டும். கண்ணும் கையும் சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் சிம்னி நடுவில் வளைந்து தெரிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்ட ஆள் நிற்பதுபோல லேசான வளைவு. பழைய லென்ஸ், உள்ளே ஏதோ கண்ணாடி நகர்ந்துவிட்டது என்று நினைத்தேன். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் சிம்னி நேராக நின்றது. ஆனால் படம் முழுக்க மசமசவென்று இருந்தது. ஒன்று இரண்டல்ல, அந்த மாதம் எடுத்த எல்லாமே.

ஒழுங்கான ஆள் அந்த இடத்திலேயே யோசித்திருப்பான். படம் நேராக வருகிறது, பார்க்கும்போது மட்டும் வளைகிறது என்றால் கோளாறு எந்தப் பக்கம்? நான் யோசிக்கவில்லை. கேமராவின் கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், அடாப்டரைச் சந்தேகப்பட்டேன், கழற்றித் துடைத்தேன். வியூஃபைண்டர் பக்கத்தில், கண்ணாடி போடுகிறவர்களுக்காக ஒரு பொடிச் சக்கரம் இருக்கும். நம் கண் பவருக்கு ஏற்ப அதைத் திருப்பிக்கொள்ளலாம். அதை ஒரு நாள் ஒரு பல் திருப்பினேன், அடுத்த வாரம் இன்னும் இரண்டு பல். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

கடைசியில் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அங்கே பழைய கேமரா வாங்கி விற்கிற பாய் ஒருவர்தான் எனக்கு அதைக் கொடுத்தவர். போனதும் சண்டைக்குப் போகிற குரலில் பேச ஆரம்பித்தேன். அவர் கேமராவை வாங்கி, கடை வாசலில் நின்று எதிரே இருந்த கரண்ட் கம்பத்தைப் பார்த்தார்.

"நேராத்தான் கீது," என்றார்.

"வளையுது பாய். நடுவுல பாருங்க."

"நானும் நடுவுலதான் பாக்குறேன். கம்பம் கம்பமாத்தான் கீது." பிறகு கண்ணை எடுத்துவிட்டுப் பொடிச் சக்கரத்தைத் தடவினார். "இன்னா மாமு இது, கடைசி வரைக்கும் திருப்பி வெச்சிகீற? எனக்கு ஒண்ணுமே தெரியாம நான் திருப்பிகினு பாக்க வேண்டியதா பூட்ச்சி. எப்போலேர்ந்து இப்டி?"

ஒரு மாசமாக என்றேன். அவர் லென்ஸுக்கு மூடி போட்டு என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "லென்ஸ் மேல பழி போடாத. கண்ண காமி மொதல்ல," என்றார்.

வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மின்சார ரயில் ஜன்னலில் குறுக்குக் கம்பிகள் இருக்குமே, அவற்றைப் பார்த்தேன். கேமரா பையில் இருந்தது. இடது கண்ணை மட்டும் மூடினேன். கம்பிகள் ஐந்தும் நடுவில் பள்ளம் விழுந்து தொய்ந்தன. பள்ளத்தின் மேல் அழுக்குத் தண்ணீர் சொட்டினாற்போல ஒரு வட்டம். கண்ணைத் திறந்தேன், கம்பிகள் நேராயின. மூடினேன், தொய்ந்தன. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் எப்போது வந்தன, போயின என்று தெரியாது. கத்திவாக்கத்தில் இறங்கும்போது படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நின்று பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தேன். அந்த ஸ்டேஷனில் ஆயிரம் தடவை இறங்கியிருக்கிறேன்.

கண் டாக்டர் ஒரு படம் எடுத்துக் காட்டினார். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. ஸ்கேனில் அது ஒரு சின்ன மேடு மாதிரி தெரிந்தது. வீசிங்குக்காக மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை அதைக் கிளப்பியிருக்கலாம் என்றார். நெஞ்சு டாக்டரைக் கேட்டு அதை நிறுத்தச் சொன்னார். "மூணு நாலு மாசத்துல தானாவே வத்திடலாம். சிலருக்கு வத்தாம தங்கிடும். பார்த்துக்கிட்டே இருக்கணும். என்ன வேலை செய்றீங்க?"

"யார்டுல எழுத்து வேலை சார்," என்றேன்.

இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு நான் போகவில்லை. கிரேன் என்று சொன்னால் அடுத்த வாக்கியம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கூண்டை விட்டு இறக்கிவிடுவார்கள். நாலு மாசம் கழித்து வற்றாவிட்டால் நான் யார்? எனக்கு வேறு வேலை தெரியாது. அந்தப் பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் மேலே ஏறினேன். மனைவியிடமும் சொல்லவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் வளைவு தெரியாது, அதனால் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் உயரம் ஏமாற்றியது. பெட்டியைப் பிடிக்கிற இரும்புச் சட்டத்தின் நாலு கொக்கியும் ஒரே தடவையில் உட்காரும் கை என்னுடையது. அந்த நாட்களில் இரண்டு தடவை, மூன்று தடவை ஆனது. காத்து ஜாஸ்தி என்று வயர்லெஸ்ஸில் சொல்வேன். எங்கள் யார்டில் காற்று எப்படி என்று பார்க்க எல்லோரும் அத்திப்பட்டுச் சிம்னியின் புகையைத்தான் பார்ப்பார்கள். நான் காற்று என்று சொன்ன நாட்களில் யாராவது திரும்பிப் பார்த்திருந்தால் அன்றே மாட்டியிருப்பேன். யாரும் பார்க்கவில்லை. பதினோரு வருஷ நம்பிக்கை.

ஒன்பதாவது நாள், காலை பத்து மணி இருக்கும். கீழே நின்று கைகாட்டுகிறவர் என்னைவிட மூத்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பெட்டியின் மூலைப் பக்கம் நின்று, இறக்கு இறக்கு என்று கை காட்டினார். கண்ணாடித் தரை வழியாகப் பார்த்தேன். பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. இறக்கினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் வீசிக்கொண்டு துள்ளி விலகினார். பெட்டி தரையில் உட்கார்ந்தது. அவர் காலடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் அதன் அடியில் போய்விட்டது. ஈரம் மட்டும் வெளியே பரவியது.

மேலேயிருந்து அந்த ஈரத்தைப் பார்த்தேன். அது தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. நெம்புகோலை விட்டுவிட்டேன்.

இறங்கிப் போனேன். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காத்து ஜாஸ்தியாகீது இல்ல?" என்றார்.

என் சாக்கை எனக்கு முன்னால் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் அத்திப்பட்டுப் பக்கம் திரும்பினேன். புகை கோடு இழுத்தாற்போல நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. இலைகூட ஆடவில்லை.

"காத்து இல்லண்ணா. என் கண்ணு சரியில்ல," என்றேன். அவர் பாட்டில் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். அப்படியே சூப்பர்வைசர் அறைக்குப் போய் அங்கேயும் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. சூப்பர்வைசர் ஏதோ எழுதிக்கொண்டார். நாளையிலிருந்து கீழே நின்று கைகாட்டு, மீதியைக் கண் சரியானதும் பார்க்கலாம் என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் கிட்டே வந்து என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"என் மூஞ்சி எப்டி கீது, சொல்லு."

நடுவில் அந்த அழுக்கு வட்டம். அவள் மூக்கு அதற்குள் எங்கேயோ இருந்தது.

"நல்லாத்தான் கீது."

"பொய்யி," என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது நான் இடது கண்ணால்தான் படம் எடுக்கிறேன். மூக்கு கேமராவின் திரையில் அழுந்தி எண்ணெய்க் கறை படுகிறது, ஆனால் படங்கள் தெளிவாக வருகின்றன. படம் எடுத்து முடித்ததும் ஒரே ஒரு தடவை வலது கண்ணை வைத்துச் சிம்னியைப் பார்ப்பேன். வளைவு இருக்கிறது. முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறதா, அல்லது அது என் ஆசையா என்று சொல்லத் தெரியவில்லை.

யார்டில் மேலே இப்போது வேறு ஆள் இருக்கிறார். நல்ல ஓட்டுநர், கை பிசகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அண்ணனும் கீழே நின்று கைகாட்டுகிறோம். கீழேயிருந்து பார்த்தால் பெட்டி எவ்வளவு பெரியது என்பது பதினோரு வருஷத்தில் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. போன வாரம் ஒரு பெட்டியைப் பிடிக்க இரும்புச் சட்டம் இறங்கும்போது கொக்கி உட்காரவில்லை. மறுபடி தூக்கி இறக்கினார், அப்போதும் உட்காரவில்லை. வயர்லெஸ்ஸில் குரல் வந்தது.

"காத்து ஜாஸ்தியாகீதுப்பா."

அண்ணன் தலையாட்டிவிட்டு அதே இடத்தில் நின்றார். நான் அத்திப்பட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, மேலே பார்த்து இரண்டு கையையும் குறுக்கே வீசினேன், நிறுத்து என்று.