எங்கள் வீதியின் பெயரும் ஜசிந்தா அக்காவும்

கீழ்வீட்டு ஜசிந்தா அக்கா ஆஸ்பத்திரியில் காலமானார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் மாதச் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இருதயம் என்று வைத்தியர் சொன்னாராம். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனாலும் உடனே எழுந்துபோய்க் கதவைப் பூட்டினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் வீதியின் கதையும் தெரியும். அதன் பெயருக்குரியவர், ஜெர்மனி ஆப்பிரிக்காவில் காலனி வைத்திருந்த நாளில் அங்கே ஆட்சி நடத்திய அரசியல்வாதி. திரும்பி வந்து, நாங்கள் இப்போது வாழும் இந்த ஜெர்மன் நகரப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர்களில் ஒருவரானார். அங்கே நூலகத்தில் வேலை செய்த அக்கா, அவருடைய வாழ்க்கையைத் தேடித்தேடி வாசித்தவர். "பொம்பிளைப் பிள்ளையள் படிக்கக் கதவு திறந்தவர், அதையும் சொல்லவேணும். ஆப்பிரிக்காவில ஊருகளை எரிக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சதும் அவர்தான்" என்பார்.

வீதியின் பெயரை மாற்றக் கேட்டு, பத்திரிகைக்குத் தன் முழுப் பெயரோடு எழுதினார். "உங்களுக்கேன் அக்கா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"மன்னாரில எங்கட ஊரை எரிச்சவையின்ர பேரையும் ஒருநாள் ரோட்டுக்கு வைப்பினம், தங்கச்சி. அப்ப ஆர் சொல்லுறது?"

அதன்பின் ஒரு மாலை அவர் வாசலில் சிவப்பு விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் அக்கா இல்லை. யாரோ பக்தியுள்ளவர் வைத்தது என்று நினைத்து, எடுத்துவந்து எங்கள் மடுமாதா படத்தின் முன் வைத்தேன். அந்த மாத மெழுகுதிரிச் செலவு குறைந்ததென்று மகிழ்ச்சி வேறு. இந்த நாட்டில் அதுவரை எங்களுக்கென்று ஒரு கல்லறை இருந்ததில்லை.

அக்கா வந்து பார்த்தார். "இது எங்கால?"

"உங்கட வாசல்ல இருந்தது. ஆரோ நல்ல சனம் வைச்சிருக்கினம்."

"இது இஞ்ச சவக்காலையில, செத்த ஆக்களின்ர கல்லறைக்கு வைக்கிற விளக்கு. எனக்கெண்டு வைச்சிருக்கினம்."

நான் ஊதி அணைக்கப் போனேன். "விடும். காசு குடுத்து வேண்டியிருக்கினம். மாதாவுக்கெண்டாலும் எரியட்டும்" என்று சிரித்தார். படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

வரும் வியாழன் நகரசபையில் வீதியின் பெயரைப் பற்றி அவர் பேச இருந்தார். அவருக்குப் பதிலாக நான் பேசுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். "பிள்ளையளை யோசிச்சனீரே?" என்று என் கணவர் கேட்டார்.

தன் பெயரை ஒளிக்காத அந்தப் பழக்கத்தைத்தான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். பயம் போகவில்லை. நேற்று யாரோ தொலைபேசியில், "அடுத்தது நீதானா?" என்று ஜெர்மனில் கேட்டான். ஓம் என்று, என் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பாதியில் வைத்துவிட்டான்.