டாஃபியின் இடுப்பளவு

குதிரை லாயத்தில் வேலை செய்பவர்களுக்கு வசந்தம் பூவோடு வருவதில்லை, தொப்பையோடு வரும். குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு மார்ச்சில் பழைய ஜீன்ஸ் பட்டனோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

ஜேர்மனியில் ஒரு குதிரைப் பண்ணையைக் கூட்டிக் கழுவப் போய், அப்படியே குதிரை பார்க்கவும் பழகியவள் நான். இரண்டாயிரங்களின் நடுவில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, கிழக்கே பார்க்கிங் என்ற ஊரைத் தாண்டி ஒரு சின்ன லாயத்தில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே டாஃபியைச் சந்தித்தேன்.

போர்வைக்குள் இருந்தது

டாஃபி பழுப்பு நிறக் குதிரை. அதன் சொந்தக்காரி ஷீலா பஸ் ஓட்டுபவள். குளிர் தொடங்கும்போது கை முறிந்ததால் அவளால் சவாரி செய்ய முடியவில்லை. அந்த மனவருத்தத்தில், குளிருமே என்று தடித்த போர்வையும், பசிக்குமே என்று வாளி நிறையத் தீனியும் கொடுத்து வந்திருக்கிறாள்.

கை குணமாகிச் சவாரிக்கு வந்த அன்று போர்வையை உருவினோம். விலாவில் கையை அழுத்தினால் எலும்பே தட்டுப்படவில்லை. பிடரி மரக்கட்டைபோல இறுகியிருந்தது. சேணத்தின் வாரை வயிற்றைச் சுற்றி இழுத்தோம், எட்டவில்லை. நான் ஷீலாவைப் பார்த்தேன். அவள் வாரைப் பார்த்தாள்.

"ஈரத்தில் கிடந்து வார் சுருங்கிவிட்டது என்று நினைக்கிறேன்."

வாய்க்கூடை

மிருக வைத்தியர் வந்து தடவிப் பார்த்தார். சிரிக்கவில்லை. இந்த உடம்போடு வசந்தகாலப் புல்லையும் மேய்ந்தால் குளம்புக்குள் அழற்சி வரும், வந்தால் நிற்கவே முடியாமல் போகலாம், சில குதிரைகள் பிழைப்பதுமில்லை என்றார். பட்டினி போடவும் கூடாதாம். அது வேறு ஆபத்து. காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து அளவாகக் கொடுக்கவேண்டும். மேயப் போகும்போது, நிறையப் புல் உள்ளே போகாதபடி வாயில் கூடை. சவாரி இப்போதைக்கு இல்லை, கையில் பிடித்து நடத்துவது மட்டும்.

கூடையைக் கட்டியதும் டாஃபி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஷீலா வேலியைப் பிடித்தபடி அழுதாள்.

"நான் சாப்பாட்டால்தான் அவனிடம் அன்பு காட்டினேன். இனி எதால் காட்டுவது?"

ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழம்

வாரங்கள் போயும் வயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் அளவுநாடா அசையவில்லை. ஊறவைத்த புல், கூடை, நடை எல்லாம் சரியாகத்தான் நடந்தன. பிறகெப்படி? ஒரு ஞாயிறு மதியம் தற்செயலாக வேலிப் பக்கம் போனபோது விளங்கியது. பக்கத்து ஊர் செவன் கிங்ஸில் கடை வைத்திருக்கும் அருளானந்தம் அண்ணை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு கோட்டும் டையுமாய் நின்று, டாஃபியின் வாய்க்கூடையைக் கழற்றி, கடையில் கனிந்துபோன வாழைப்பழங்களை ஒவ்வொன்றாய் ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டி முடித்ததும் கூடையைத் திரும்ப வடிவாகக் கட்டியும் விட்டார்!

"அண்ணை, என்ன செய்யிறியள்?" என்று கத்தினேன். அவர் திருவிழாக் கடையில் களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளைபோல முழித்தார். குளம்பு விஷயத்தைச் சொன்னதும் முகம் கறுத்துப்போனது. மிச்சப் பழத்தைப் பைக்குள் வைத்தார்.

"எனக்குச் சீனி வருத்தம், தங்கச்சி. நான்தான் தின்னேலாது, அவனாவது தின்னட்டும் எண்டு நினைச்சிட்டன்."

ஆளுக்கொரு பக்கம்

அவரைத் துரத்தியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு மனம் வரவில்லை. "அண்ணை, ஊட்டுறதுக்குப் பதிலா இவனை நடத்த வாறியளோ?" என்று கேட்டேன். அடுத்த நாளே சப்பாத்து மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் வேலியோரம் மட்டும். அண்ணைக்கு மூச்சு வாங்கும், டாஃபி நின்று காத்திருக்கும். டாஃபி நடக்க மறுக்கும், அண்ணை யாழ்ப்பாணத் தமிழில் கெஞ்சுவார். ஷிப்ட் இல்லாத நாட்களில் ஷீலா மற்றப் பக்கம் நடந்தாள். மெல்ல மெல்ல மேட்டுப்பாதை வரை போனார்கள். நாடாவும் அசையத் தொடங்கியது. நீரிழிவுக்கு நட என்று வீட்டிலுள்ளவர்கள் இத்தனை காலம் சொல்லியும் நடக்காதவர் இப்போது எப்படி என்று அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன்.

"என்னை நட எண்டு சொன்ன எல்லாரும் கதிரையில இருந்துகொண்டுதான் சொன்னவை. இவன் ஒருத்தன்தான் கூட வந்தவன்."

முதல் பாய்ச்சல்

கோடை தொடக்கத்தில் வைத்தியர் டாஃபியின் விலாவைத் தடவினார். எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் சரியான உடம்பு, மெதுவாக ஏறலாம் என்றார். ஷீலா ஏறினாள். குளிர்காலம் முழுக்க ஓய்ந்து நின்ற மற்றக் குதிரைகளைப்போலச் சில வாரம் நடை, பிறகு சின்ன ஓட்டம் என்றுதான் வேலையைக் கூட்டினோம்.

ஒரு மாலை, யாரும் கேட்காமலே டாஃபி காதை நிமிர்த்திக்கொண்டு பாயத் தொடங்கியது. ஷீலா முதலில் அலறினாள், பிறகு சிரித்தாள். புல்வெளி முழுக்க அந்தச் சிரிப்புத்தான். வேலியருகே நின்ற அண்ணை, அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"விடாதையுங்கோ பிள்ளை, விடாதையுங்கோ! அவன்ர உடம்பு அவனுக்கே திரும்பி வந்திட்டுது!"

குதிரையை மெலிய வைப்பதில் கஷ்டமொன்றுமில்லை அன்பர்களே, அதில் பாசம் வைத்திருப்பவர்களைச் சமாளிப்பதுதான் எங்கள் முழுநேர வேலை.